வீட்டு இறுவட்டுகளும் ஒரு பங்குக் கிணறும்

இன்று கடைகளில் விற்பனைக்கு வைக்கப்பட்டுள்ள மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் இறுவட்டைச் செருகுவதற்கு இடமே இல்லை. 1996 நவம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி, பத்தே ஆண்டுகளில் உலகத்து வீடுகளையெல்லாம் நிறைத்தது. இப்போது அது விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. வீடியோ கசெற் கருவிகளை இறுதிவரை உற்பத்தி செய்துவந்த யப்பானிய நிறுவனமான ஃபுனாய், 2016 யூலையில் அதனை நிறுத்தியது. தபால் மூலம் டிவிடிகளை வாடகைக்கு அனுப்பித் தன் வணிகத்தை ஆரம்பித்த நெற்ஃபிளிக்ஸ், 2023 செப்டெம்பர் 29ஆம் திகதி அச்சேவையை மூடியது. பதிவுசெய்யத்தக்க புளூரே தட்டுகளின் உற்பத்தியை 2025 பெப்ரவரியில் சோனி கைவிட்டது.

திரைப்படங்களைப் பொறுத்தவரை இதில் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஓர் ஊரில் கிடைக்காத படம் இன்னோர் ஊரில் கிடைக்கும். தட்டில் இல்லாவிட்டால் இணையத்தில் இருக்கும். ஆனால் நமது வீடுகளின் அலுமாரிகளில் இன்னொரு வகையான இறுவட்டுகளும் கிடக்கின்றன. அவற்றுக்கு உலகில் இரண்டு அல்லது மூன்று பிரதிகள்தாம் உண்டு. சிலவற்றுக்கு ஒரேயொரு பிரதி. அவற்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னர், வெளிநாடுகளிலிருந்து வந்தவர்களின் பயணப் பைகளில் சொக்கிளேற்றுகளுக்கும் கோடாலித் தைலத்துக்கும் அடுத்தபடியாக இருந்தவை இறுவட்டுகள். ரொறன்ரோவில் நடந்த கல்யாணம், இலண்டனில் நடந்த அரங்கேற்றம், பரிஸில் நடந்த பூப்புனித நீராட்டு விழா, இங்கிருந்து எவரும் போய்க் கலந்துகொள்ள முடியாத செத்தவீடு. எல்லாம் வட்டில் ஏறி வந்தன. இங்கிருந்து தேர்த்திருவிழாவும் அந்தியேட்டியும் வட்டில் ஏறி அங்கு போயின. விசா கிடைக்காத உறவுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது இவ்வட்டுகளின் வழியாகத்தான். இன்றுபோல் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதி அப்போது கிடையாது.

அவ்வாறு என்னிடம் வந்து சேர்ந்தவை ஏறத்தாழ இருநூறு. அறுபது வீசிடிகள், மிகுதி நூற்று நாற்பதும் டிவிடிகள். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்து வீட்டுக்குள் முடங்கியிருந்த வாரங்களில், அவை அனைத்தையும் கணினிக் கோப்புகளாக மாற்றும் வேலையை ஆரம்பித்தேன். யூஎஸ்பி வழியாக இணைக்கும் டிவிடி வாசிப்பான் ஒன்று கைவசம் இருந்தது. அதுவே போதுமானது.

இவ்வேலையில் இறங்க விரும்பும் வாசகர்களுக்காகச் சில விடயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வட்டுகளைப் பிரிக்க வேண்டும். தொழிற்சாலையில் அச்சிடப்பட்ட வட்டு வேறு. கணினியில் எரித்துப் பதிவுசெய்யப்பட்ட வட்டு வேறு. முன்னதில் தகவல் சிறு குழிகளாகப் பிளாஸ்ரிக்கில் பதிந்திருக்கிறது. பின்னதில் அது ஒரு சாயப்படையில் ஒளிக்கதிரால் இடப்பட்ட அடையாளம் மட்டுமே. எரித்த வட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஊதா அல்லது நீலம் கலந்த நிறம் தெரியும். அந்தச் சாயம் வெப்பத்தையும் வெயிலையும் தாங்காது. நமது ஊர்களின் புழுக்கத்தில், தகட்டுக் கூரைக்குக் கீழே, யன்னலோர அலுமாரியில் பல ஆண்டுகள் கிடந்த வட்டு எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு நிகழ்வுகள் யாவும் எரித்த வட்டுகளிலேயே இருக்கின்றன. ஆகையால் அவற்றையே முதலில் எடுக்க வேண்டும்.

தூசியைத் துடைக்கும்போது மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தகவல் ஓடும் தடத்தோடு கூடவே ஓடிச் சேதத்தைப் பெருக்கும்.

வீசிடிக்குள் ‘எம்பெக்-ஏவி’ என்ற கோப்புறையில் ‘டாற்’ என்று முடியும் பெரிய கோப்பு ஒன்று இருக்கும். அதுதான் படம். 650 மெகாபைட் தட்டில் 74 நிமிடப் படத்தை அடக்குவதற்காக, வீசிடியை வகுத்தவர்கள் வழமையான கணினித் தட்டில் இருக்கும் பிழைதிருத்தத் தகவலின் ஒரு படையை நீக்கிவிட்டு அவ்விடத்தையும் படத்துக்கே கொடுத்தார்கள். அதனால்தான் தொலைக்காட்சியோடு இணைந்த கருவியில் சற்றே தடங்கலுடன் ஓடிவிடும் வட்டு, கணினியில் பிரதி செய்யும்போது பாதியில் நின்றுவிடுகிறது. ‘வட்டு பழுதாகிவிட்டது’ என்று எறிந்துவிடக்கூடாது. வீசிடிக்கென எழுதப்பட்ட மென்பொருளைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

டிவிடிக்குள் ‘வீடியோ-ரிஎஸ்’ என்ற கோப்புறையில் ‘வொப்’ என்று முடியும் கோப்புகள் ஒரு ஜிகாபைட் அளவில் துண்டுதுண்டாக இருக்கும். இவற்றைக் கையாள இரண்டு வழிகள் உள்ளன. ‘மேக்எம்கேவி’ போன்ற மென்பொருள், வட்டில் உள்ள படத்தையும் ஒலியையும் ஒரு துளியும் மாற்றாமல் வேறொரு பெட்டிக்குள் எடுத்து வைத்துவிடும். ‘ஹாண்ட்பிரேக்’ போன்ற மென்பொருள், படத்தை மீண்டும் சுருக்கிப் புதிய கோப்பாக எழுதும். பின்னதன் கோப்பு மிகச் சிறியது; கைத்தொலைபேசியில் அனுப்ப வசதியானது. எந்த வழியைத் தெரிந்தாலும், அதற்கு முன்னர் வட்டு முழுவதையும் உள்ளபடியே ஒரே கோப்பாக எடுத்துவைப்பது நல்லது. அதனை ஐஎஸ்ஓ படிமம் என்பார்கள்.

வாசிக்க மறுக்கும் வட்டுகளுக்கு ‘டிடி-ரெஸ்கியூ’ என்றொரு இலவச மென்பொருள் உண்டு. நல்ல பகுதிகளை முதலில் முழுமையாக எடுத்துக்கொண்டு, பழுதான பகுதிகளுக்குப் பின்னர் திரும்பிவந்து மீண்டும் மீண்டும் முயலும் அது. ஒரு வாசிப்பான் கைவிட்ட பகுதியை இன்னொரு வாசிப்பான் படித்துவிடுவதும் உண்டு. எரித்த டிவிடியில் எழுத்து உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பில் முடிவதால், முதலில் கெடுவது பெரும்பாலும் நிகழ்ச்சியின் இறுதிப் பகுதிதான். கல்யாண வீடியோக்களில் மாப்பிள்ளை பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்படும் காட்சி அடிக்கடி காணாமற்போவதன் காரணம் இதுதான்.

கடையில் வாங்கிய திரைப்பட வட்டுகளுக்கு இலத்திரனியல் பூட்டு உண்டு. அதனைத் திறந்து பிரதி செய்வது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிரித்தானியாவில் சொந்தப் பாவனைக்குப் பிரதி செய்வதை 2014 ஒக்டோபரில் அனுமதித்தார்கள். 2015 யூலையில் அங்குள்ள உயர் நீதிமன்றம் அந்த அனுமதியை இரத்துச் செய்தது. நமது வீட்டு வட்டுகளுக்குப் பூட்டும் இல்லை. அவற்றின் உரிமைக்காக வழக்குப் பேச வருவாரும் இல்லை. அவற்றைக் காப்பாற்ற வேண்டியவர்களும் நாமேதாம்.

இனி, இந்த வேலையின் பெறுமதியை எனக்கு உணர்த்திய ஒரு வட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் பெரியம்மாவின் வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது. 1986இல் அவ்வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுப் பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. யாழ்ப்பாண நகரிலிருந்து வீடியோக்காரர் ஒருவர் வரவழைக்கப்பட்டிருந்தார். அக்காலத்தில் அது ஒரு புதுமை. மணமக்களைக் காட்டிலும் கமராவையே பலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது படத்தைப் பார்த்தால் தெரியும். பொன்னுருக்கு, பலகாரச்சூடு, கல்யாணம் ஆகிய மூன்றும் விஎச்எஸ் கசெற்றில் பதிவாகின. இரண்டு ஆண்டுகளின் பின்னர் அக்காவும் அத்தானும் கனடாவுக்குப் போனபோது கசெற்றும் கூடவே போயிற்று.

1990 யூனில் அப்பகுதி மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தனர். உடுத்த உடுப்போடு வெளியேறியவர்கள் ஒரு கிழமையில் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். பெரியம்மா வீட்டின் புகைப்பட அல்பங்கள் எல்லாம் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டன. அப்பிரதேசம் பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. தொடர்ந்து வேறு சில பகுதிகளும் விடுவிக்கப்பட்டன. இன்னும் விடுவிக்கப்படாத காணிகளும் உண்டு. பெரியம்மாவின் காணி 2018இல் விடுவிக்கப்பட்ட காணிகளுள் ஒன்று. போய்ப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் வீடு இருக்கவில்லை. பற்றைக்காடும், அதற்குள் அங்குமிங்கும் உடைந்த சீமெந்துக் கட்டிகளும்தான் இருந்தன. பெரியம்மா அதைப் பார்க்க உயிரோடு இருக்கவில்லை.

அக்காவின் மகன் ரொறன்ரோவில் பிறந்தவன். 2023இல் அக்காணியைத் துப்புரவாக்கி ஒரு சிறிய வீடாவது கட்ட வேண்டும் என்று வந்தான். உறுதியில் ‘கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும்’ என்று எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்து உறுதிகளைப் பார்த்தவர்களுக்கு இச்சொற்றொடர் பழக்கமானது. எல்லையில் உள்ள ஒரு கிணற்றில் இரு காணிக்காரருக்கும் உரிமை என்பது அதன் பொருள். ஆனால் கிணற்றைக் காணவில்லை. அது தூர்ந்து மூடப்பட்டுவிட்டது. வேலியும் இல்லை, கதியாலும் இல்லை. அயற்காணிக்காரரின் பிள்ளைகளும் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார்கள். கிணறு எங்கேயிருந்தது என்பதில் அவர்களுடைய நினைவும் எங்களுடைய நினைவும் பல யார் தூரம் விலகி நின்றன. எவரிடமும் வஞ்சகம் இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் கண்ணால் காணாத ஒன்றை மனித மனம் தன் விருப்பப்படி இடம்மாற்றி வைத்துக்கொள்கிறது.

மருமகனின் கைத்தொலைபேசியில் அந்தக் கல்யாண வீடியோ இருந்தது. இருபத்தைந்து நிமிடம். முக்கியமான காட்சிகளை மாத்திரம் வெட்டி ஒட்டி, பின்னால் சினிமாப் பாட்டைச் சேர்த்து, அனுப்புவதற்கு வசதியாகச் சுருக்கியிருந்தார்கள். தாலி கட்டும் காட்சி தெளிவாக இருந்தது. அக்காவின் முகமும் தெளிவு. அவர்களுக்குப் பின்னால் இருந்தவையெல்லாம் நிறம் கலைந்த சேறுபோலக் கிடந்தன. பலகாரச்சூட்டில் ஒரு நிமிடமே எஞ்சியிருந்தது.

என்னிடம் இருந்தது வேறொன்று. 2004இல் அந்தக் கசெற்றை ரொறன்ரோவில் ஒரு கடையில் கொடுத்து இரண்டு டிவிடிகளாக மாற்றியபோது எனக்கும் ஒரு சோடி அனுப்பியிருந்தார்கள். ஊரடங்கு நாட்களில் நான் படிமமாக எடுத்துவைத்தவற்றுள் அதுவும் ஒன்று. இலங்கையின் தொலைக்காட்சி முறைப்படி 576 கோடுகளில், விநாடிக்கு 25 சட்டங்களாகப் பதிவான படத்தை, வட அமெரிக்க முறைப்படி 480 கோடுகளுக்கும் விநாடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்களுக்கும் மாற்றியிருந்தார்கள். அந்த மாற்றத்திலேயே சிறிது தெளிவு போய்விட்டது. ஆயினும் எதுவும் வெட்டப்படவில்லை. இரண்டாவது தட்டின் வெளிவிளிம்பு பழுதாகியிருந்தது. நண்பர் ஒருவரிடம் இரவலாக வாங்கிய இன்னொரு வாசிப்பானில் போட்டு, மூன்று இரவுகள் ஓடவிட்டு, சில விநாடிகள் தவிர முழுவதையும் மீட்டிருந்தேன்.

பலகாரச்சூட்டு நாளில் வீடியோக்காரர் கமராவை விறாந்தையில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்க வேண்டும். பதினொரு நிமிடங்கள் கமரா அசையாமல் நிற்கிறது. முன்னால் பெண்கள் சுற்றியிருந்து பயற்றம் பணியாரம் சுடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் குசினிக் கதவு. அதற்கும் பின்னால் கிணற்றுக்கட்டு. கிடுகு வேலி கிணற்றடியில் இடைவெளி விட்டு, மறுபுறம் மீண்டும் தொடங்குகிறது. அயல்வீட்டு அம்மா ஒருவர் அப்பக்கத்தில் நின்று துலாவைப் பிடித்து நீர் அள்ளி, குடத்தை நிறைத்துக்கொண்டு போகிறார். கிணற்றின் பாதி அவர்கள் பக்கம், பாதி எங்கள் பக்கம்.

அக்காவைத் தொலைபேசியில் அழைத்து அக்காட்சியைக் காட்டினேன். கல்யாணப் பெண்ணாக இருந்தவர், ‘‘தம்பி, என்னைப் பாராதை. கிணத்தைப் பார். குசினிப் படியிலையிருந்து நேரே போனால் கிணத்தடி. அம்மா இருட்டிலையும் போவா’’ என்றார். குசினியின் படிக்கட்டு பற்றைக்குள் இருந்தது. சீமெந்துப் படி மூன்றும் உடையவில்லை. அங்கிருந்து படத்தில் தெரிந்த திசையில் நிலத்தைக் கிளறியபோது கிணற்றின் கட்டு வெளிப்பட்டது. அயற்காணிக்காரரின் பிள்ளைகளும் அந்தப் பதினொரு நிமிடங்களைப் பார்த்தார்கள். குடத்தோடு போனவர் அவர்களுடைய அம்மம்மா. அவர் நடமாடும் காட்சியை அவர்கள் பார்த்தது அதுவே முதற்தடவை. அதன் பின்னர் எல்லை பற்றி எவரும் பேசவில்லை. பிரதி ஒன்று தரும்படிதான் கேட்டார்கள்.

இதிலிருந்து நான் கண்டுகொண்டது ஒன்றே. வீட்டு வீடியோவில் நாளடைவில் முன்னணியும் பின்னணியும் இடம்மாறிவிடுகின்றன. எடுத்தபோது மாலையும் தாலியுமே பொருள். நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் அவற்றை எந்தக் கல்யாணத்திலும் பார்க்கலாம். வேலியும் விறாந்தையும் கிணற்றடியும் அந்த ஒரு படத்தில் மட்டுமே இருக்கின்றன. எடுத்தவரின் கவனத்துக்கு வராமல் தற்செயலாக உள்ளே வந்தவைதாம் இன்று சாட்சியாக நிற்கின்றன.

படச் சுருக்கம் என்ற நுட்பம் இதற்கு நேர்மாறான கொள்கையில் இயங்குகிறது. மனிதக் கண் எதைக் கவனிக்காதோ அதைக் கைவிடுவதே அதன் அடிப்படை. கோப்பின் அளவை மேலும் குறைக்கச் சொன்னால், நிழற்பகுதியின் நுண்விபரங்களும் மங்கிய பரப்புகளும் முதலில் பலியாகும். மணப்பெண்ணின் முகம் தப்பிவிடும், கிணற்றுக்கட்டு தப்பாது. வெட்டி ஒட்டும் உறவினரும் அதே கொள்கைப்படிதான் நடந்துகொள்கிறார். கதைத்துக்கொண்டு நிற்பவர்கள், ஓடித்திரியும் பிள்ளைகள், அசையாமல் நிற்கும் கமரா எல்லாம் அவருக்கு வீண்.

ஆகவே என் வேண்டுகோள் இது. வட்டில் உள்ளதை உள்ளபடியே, வெட்டாமல், மீண்டும் சுருக்காமல் ஒரு மூலப்பிரதியாக எடுத்துவையுங்கள். பழைய வீடியோவில் அசையும் பொருள்களின் ஓரம் சீப்பின் பற்களைப்போலத் தெரியும். ஒவ்வொரு சட்டமும் இரண்டு அரைப்படங்களாகப் பிரித்துப் பதிவானதன் விளைவு அது. மூலப்பிரதியில் அதையும் திருத்த வேண்டாம். பார்ப்பதற்கும் அனுப்புவதற்கும் இன்னொரு சிறிய பிரதியைச் செய்துகொள்ளலாம். இட வசதியைக் காரணம் காட்டுவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். அறுபது வீசிடிகளுக்கு, ஒன்றுக்கு 0.7 ஜிகாபைட் வீதம் 42. நூற்று நாற்பது டிவிடிகளுக்கு, முழுதும் நிரம்பியிருந்தால்கூட, ஒன்றுக்கு 4.7 வீதம் 658. மொத்தம் 700 ஜிகாபைட். ஒரு ரெராபைட் வன்தட்டில் இவை அடங்கி மிகுதி இடமும் இருக்கும். அதேபோன்ற இன்னொரு வன்தட்டில் இரண்டாவது பிரதியை எடுத்து வேறு வீட்டில், முடிந்தால் வேறு நாட்டில், வைப்பது அவசியம். எங்கள் கசெற் பிழைத்தது அது ஊரில் இல்லாததால்தான்.

கோப்பாக்குவதோடு வேலை முடிந்துவிடவில்லை. பத்திரிகைத் துறையில் நீண்டகாலம் இருந்தவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்வேன். படவிளக்கம் இல்லாத புகைப்படம் பத்தாண்டுகளில் அநாதையாகிவிடும். ஆசிரியபீடத்து அலுமாரிகளில் அப்படி எத்தனையோ படங்களைக் கண்டிருக்கிறேன். மேடையில் நிற்பவர்கள் யார், எந்த மண்டபம், எந்த ஆண்டு, எதுவும் தெரியாது. பின்புறம் பென்சிலால் ‘இடமிருந்து வலம்’ என்று எவராவது எழுதியிருந்தால் மட்டுமே அப்படம் மீண்டும் அச்சேறும். கணினிக் கோப்புக்கும் இதே விதிதான். ‘வீடியோ-1’ என்று பெயரிட்ட கோப்பு ஒருநாள் எவராலோ அழிக்கப்படும். ஆண்டு, ஊர், நிகழ்வு, யாருடைய வீடு என்ற நான்கையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். பொதுநிகழ்வுகளின் பதிவாக இருந்தால் குடும்பத்துக்குள் வைத்திராமல், 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றோடு தொடர்புகொள்ளலாம்.

எல்லாவற்றிலும் மேலாக, படத்தில் இருப்பவர்களை அடையாளம் காணக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, படத்தை ஓடவிட்டு, அவர் சொல்வதைக் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். ‘‘இவ மயிலிட்டி ரீச்சர், இவர் சங்கக்கடை மனேச்சர், உது சின்னையாவின்ரை பசுமாடு’’ என்று அவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். பழுதான வட்டை மூன்று இரவுகள் முயன்றால் மீட்டுவிடலாம். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர் போய்விட்டால் மீட்பதற்கு மென்பொருள் கிடையாது. எங்கள் அக்காவுக்கு இப்போது எழுபது வயதாகிறது. அந்தப் பதினொரு நிமிடப் படத்தில் பணியாரம் சுடும் ஒன்பது பெண்களுள் எழுவரின் பெயரை அவர் சொல்லிவிட்டார். மற்ற இருவரின் பெயரைச் சொல்லக்கூடிய ஒருவர் பரிஸில் இருப்பதாக அறிந்து, அவருக்குப் படத்தை அனுப்பிவைத்திருக்கிறேன்.